தம்பிக்குக் கேட்கும் குரல்: மருந்தை மாற்றுவதா, காந்தமா, பேச்சா?

தம்பி வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து முதலில் பல்வலி என்றுதான் நினைத்தேன். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு பால்கனியில், கொட்டாவி பாதியில் நின்றுபோன மாதிரி அப்படியே இருப்பான். ஒருநாள் கேட்டேன். "இப்பிடி வைச்சிருந்தா அவர் கொஞ்சம் மெதுவாக் கதைக்கிறார் அக்கா" என்றான். அவர் என்றது எட்டு வருடங்களுக்கு முன் காலமான எங்கள் பெரியப்பாவை. பெரியப்பாவோடு இன்னொருவனும் உண்டு. அவனுக்குப் பெயர் இல்லை, சிங்களத்தில் மட்டும் பேசுவான், நல்லதாக ஒன்றும் சொல்ல மாட்டான்.

சிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய், என்று டொக்டர் சொல்லி நான்கு வருடமாகிறது. இரண்டு மருந்துகள் பார்த்தாயிற்று. சந்தேகமும் பயமும் நன்றாகவே குறைந்தன. சித்தப்பாவின் கடைக்கு அரைநாள் போய் வருகிறான், கணக்கும் பிழைக்காது. குரல் மட்டும் போகவில்லை. இப்போது அடுத்தது என்ன என்று ஆளுக்கொரு யோசனை. டொக்டர் குளோசபின் என்ற மருந்தைச் சொல்கிறார். டொராண்டோவில் இருக்கும் பெரியம்மா மகன் காந்த சிகிச்சை என்று தினமும் ஒரு வீடியோ அனுப்புகிறான். கூடப் படித்த ஒருத்தி, உளவளத்துணை படித்தவள், மருந்தைக் கூட்டாமல் பேச்சு வழியில் பார்க்கலாமே என்கிறாள். அம்மாவுக்குக் கதிர்காமம் முருகன் கோயில்.

நான் வங்கியில் கடன் விண்ணப்பங்களை ஒப்பிட்டுப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள். அதே பழக்கத்தில் இதையும் உட்கார்ந்து படித்தேன். எது புதியது, எது நல்லது என்று தொடங்கினால் முடிவு வராது என்று சீக்கிரமே விளங்கிவிட்டது. குரல் மூளையில் எப்படி உண்டாகிறது, ஒவ்வொரு வைத்தியமும் அதில் எந்த இடத்தில் கை வைக்கிறது என்று பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. ஆகவே முதலில் குரல்.

தம்பி தானாகக் கண்டுபிடித்த வாய்த் தந்திரத்தை 1987இல் பிக், கின்ஸ்போர்ன் என்ற இருவர் சோதித்திருக்கிறார்கள். குரல் கேட்கும் 18 பேரை வாயை அகலத் திறக்கச் சொன்னபோது, 14 பேர் குரல் நின்றுவிட்டது என்றார்கள். 1990இல் கின்ஸ்போர்னே இன்னொருவருடன் சேர்ந்து மறுபடி பார்த்தபோது வாய் திறப்பதில் பலன் தெரியவில்லை. மெல்ல ஒரு மெட்டை முனகுவதில்தான் தெரிந்தது. ஏன் வாய்க்கும் காதுக்கும் இப்படி ஒரு தொடர்பு? அதற்கும் முன்பு, 1949இல், லூயிஸ் கோல்ட் என்ற மருத்துவர் குரல் கேட்கும் ஒரு பெண்ணின் தொண்டையிலிருந்து வரும் கிசுகிசுப்பை ஒலிபெருக்கிக் கேட்டார். அந்தக் கிசுகிசுப்பும், தனக்குக் கேட்பதாக அவர் சொன்ன சொற்களும் ஒத்துப்போயின.

ஸ்கேன் கருவிகள் வந்த பிறகு இதை உள்ளே போய்ப் பார்க்க முடிந்தது. 1993இல் லண்டனில் மக்கையரும் கூட்டாளிகளும் 12 பேரின் மூளையில் இரத்த ஓட்டத்தை அளந்தார்கள். குரல் கேட்கும் நேரத்தில் புரோக்கா பகுதியில், அதாவது பேச்சை உருவாக்கும் இடத்தில், ஓட்டம் கூடியிருந்தது. 1999இல் பிராங்க்ஃபர்ட்டில் டீர்க்ஸ் குழு மூன்று நோயாளிகளிடம், குரல் கேட்கும்போது பொத்தானை அழுத்துங்கள் என்று சொல்லி எம்.ஆர்.ஐ. எடுத்தது. வெளிச் சத்தத்தை வாங்கும் முதன்மைச் செவிப்புலப் பகுதியே அந்த நேரத்தில் வேலை செய்தது. "அவன் சும்மா கற்பனை பண்ணுறான்" என்று சொல்லும் உறவினர்களுக்கு இந்த இரண்டையும் சொல்லிப் பார்த்தேன். ஒருவர் தலையாட்டினார், அவ்வளவுதான்.

சரி, உள்ளே உருவாகும் பேச்சு எல்லாருக்கும் உண்டு. பஸ்ஸில் நிற்கும்போது நானும்தான் மனதுக்குள் மனேஜரோடு சண்டை பிடிக்கிறேன். அது மனேஜரின் குரல் என்று எனக்குப் படுவதில்லை. நாம் பேசத் தொடங்கும்போது மூளை அந்தக் கட்டளையின் ஒரு பிரதியைச் செவிப்புலப் பகுதிக்கும் அனுப்பி, "இது நம்முடையதுதான், பெரிதாக எடுக்காதே" என்று சொல்லி வைக்கிறது. நம் விரலால் நமக்கே கிச்சுக்கிச்சு மூட்ட முடியாததும் இதே காரணத்தால்தான். 1978இல் ஃபைன்பெர்க் என்பவர், சிசோஃப்ரினியாவில் இந்தப் பிரதி சரியாகப் போய்ச் சேருவதில்லையோ என்று ஒரு கருத்தை வைத்தார். ஜூடித் ஃபோர்டும் அவருடைய குழுவும் அதை, மூளையின் மின் அலைகளை அளக்கும் ஈ.ஈ.ஜி. வைத்துச் சோதித்தார்கள். நாம் பேசும்போது, நம் குரலுக்கு நம் செவிப்புலம் காட்டும் மின் அலை அடங்கிப்போகும். நோயாளிகளில் அவ்வளவு அடங்கவில்லை. 2000இல் சாரா பிளேக்மோர் குழு கிச்சுக்கிச்சையே சோதித்தது. குரல் கேட்பவர்களுக்குத் தங்கள் கையும் பிறர் கையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே பட்டன.

இதற்கு மேலே எதிர்பார்ப்பு என்று ஒன்று இருக்கிறது. பின்னேரம், மெட்டுப் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் பாண் விற்க வரும் சூன் பாண் வண்டிக்காகக் காத்திருக்கும்போது ஃபான் சத்தத்திலேயே அந்த மெட்டுக் கேட்டுப் படியிறங்கி ஏமாந்தவர்கள் கொழும்பில் நிறையப் பேர் இருப்பார்கள். யேல் பல்கலைக்கழகத்தில் பவர்ஸ், கோர்லெட் குழு 2017இல் செய்தது கிட்டத்தட்ட இதுதான். ஒரு படத்தையும் ஒரு சத்தத்தையும் சேர்த்துச் சேர்த்துக் காட்டிவிட்டு, பிறகு படத்தை மட்டும் காட்டினார்கள். குரல் கேட்கும் பழக்கம் உள்ளவர்கள், இல்லாத சத்தத்தைக் கேட்டதாகப் பல மடங்கு அதிகமாகச் சொன்னார்கள். அந்தரத்தில் வந்த ஒன்றுக்கு "இது முக்கியம்" என்று முத்திரை குத்துவதில் டோபமின் என்ற மூளை இரசாயனத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பது பல வருட ஆய்வு. இந்த நோய்க்கு விழுங்கும் மாத்திரைகள் பெரும்பாலும் அந்த முத்திரையைத்தான் மங்க வைக்கின்றன.

ஆக, பேச்சு உருவாகும் இடம், அது தன்னுடையது என்ற அடையாளம், முக்கியம் என்று குத்தப்படும் முத்திரை, கடைசியில் அந்தக் குரலோடு ஆள் என்ன செய்கிறான் என்பது. இந்த நான்கையும் கொப்பியில் எழுதிவைத்துக்கொண்டு வைத்தியங்களுக்கு வந்தேன்.

முதல் யோசனை, ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாமல் எல்லாரும் நினைத்தது: இருக்கிற மருந்தையே கூட்டினால் என்ன? இதற்கு டொராண்டோவிலேயே பதில் இருக்கிறது (பெரியம்மா மகன் இந்த இடத்தில் சந்தோஷப்படலாம்). 2000இல் ஷிதிஜ் கபூர் குழு ஹாலோபெரிடோல் என்ற பழைய மருந்தை எடுப்பவர்களின் மூளையை ஸ்கேன் செய்தது. டோபமின் வந்து ஒட்டும் இடங்களான டி2 வாங்கிகளில் சுமார் 65 சதவீதம் அடைபட்டால் பலன் கிடைக்கிறது. 78 சதவீதத்தைத் தாண்டினால் கைகால் இறுக்கமும் நடுக்கமும் கூடுகின்றன. ஆகவே ஓரளவுக்கு மேல் கூட்டிக்கொண்டே போவதால் இறுக்கம்தான் மிச்சம்.

ஆனால் இதற்கும் முன்பு ஒரு வேலை இருக்கிறது, நாங்கள் அதை இரண்டு வருடமாகச் செய்யவில்லை. மாத்திரையை எண்ணிப் பார்ப்பது. டொக்டர் கேட்டபோது "ஒழுங்காப் போடுறான்" என்று அம்மா சொன்னார், நானும் ஆமாம் போட்டேன். வீட்டுக்கு வந்து எண்ணினால் ஒரு மாதத்தில் 11 மாத்திரை மிச்சம். அவன் ஏமாற்றவில்லை. கடையில் தூக்கம் வருகிறது என்று பகல் மாத்திரையை விட்டுவிட்டான். பிறகு மூன்று மாதம் அம்மாவே கையில் கொடுத்தார். குரல் கொஞ்சம் இறங்கியது, நிற்கவில்லை. மாத்திரை மறக்கிறவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசியும் இருக்கிறது, இந்தக் கட்டத்தில் அதைக் கேட்க வேண்டும். இரண்டு வெவ்வேறு மருந்தை, சரியான அளவில், ஒவ்வொன்றும் ஆறு வாரமாவது, உண்மையாகவே விழுங்கியும் பலன் போதாவிட்டால்தான் மருந்துக்கு அடங்காத நோய் என்று கணக்கு. "உண்மையாகவே விழுங்கியும்" என்பதை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.

அப்படி அடங்காதவர்களுக்குத்தான் குளோசபின். 1988இல் ஜோன் கேன் தலைமையில் 268 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வில், ஆறு வாரத்தில் குளோசபின் எடுத்தவர்களில் 30 சதவீதம் பேர் தேறினார்கள். பழைய குளோர்புரோமசின் எடுத்தவர்களில் 4 சதவீதம். மற்ற மருந்துகள் தோற்ற இடத்தில் இது ஏன் வேலை செய்கிறது என்பதில்தான் மூளை ஆய்வு எனக்குப் பயன்பட்டது. 2012இல் டெம்ஜாஹா குழு லண்டனில் பார்த்தபோது, சாதாரண மருந்துக்குத் தேறியவர்களில் டோபமின் உற்பத்தி கூடியிருந்தது. தேறாதவர்களில் அப்படிக் கூடியிருக்கவில்லை. அடைக்க வேண்டிய குழாய் அதுவாகவே இல்லாதபோது அதையே இறுக்கி இறுக்கி என்ன பயன்? குளோசபின் டி2 வாங்கிகளை மற்றவற்றைவிடக் குறைவாகவே அடைக்கிறது, வேறு பல வாங்கிகளிலும் வேலை செய்கிறது.

விலையும் உண்டு. 1975இல் பின்லாந்தில் இந்த மருந்தால் வெள்ளணுக்கள் அடியோடு விழுந்து சிலர் இறந்தார்கள். அதனால்தான் இரத்தப் பரிசோதனைக் கட்டாயம் வந்தது. பிரித்தானிய முறையில் முதல் 18 வாரம் வாராவாரம், பிறகு வருடம் முடியும்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அப்புறம் மாதாமாதம். அந்த ஆபத்து நூற்றில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்குத்தான். முதல் மாதத்தில் இருதயத் தசை அழற்சி வருகிறதா என்றும் கவனிப்பார்கள். உடம்பு வைக்கும், இரவில் தலையணை நனைய எச்சில் வடியும். இவற்றையெல்லாம் எல்லாரும் சொல்வார்கள், மலச்சிக்கலை மட்டும் கூச்சத்தில் விட்டுவிடுவார்கள். அது குடலையே நிறுத்தி உயிருக்கு ஆபத்தாகலாம். மூன்று நாள் போகவில்லை என்றால் பப்பாசிப்பழத்தோடு விடக்கூடாது, டொக்டரிடம் சொல்ல வேண்டும்.

கொழும்பில் இருப்பவர்கள் யோசிக்க வேண்டிய இரண்டு விஷயங்கள் வெளிநாட்டுக் கையேடுகளில் என் கண்ணில் படவில்லை. ஒன்று, டெங்கு. டெங்குவும் வெள்ளணுக்களைக் குறைக்கும். குளோசபின் எடுக்கும் ஒருவருக்கு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தால், எது எதனால் என்று டொக்டர் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும். ஆகவே எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல் வாக்கியமே "இவர் குளோசபின் எடுக்கிறார்" என்று இருக்க வேண்டும். இன்னொன்று, தட்டுப்பாடு. 2022இல் மருந்துக்காகப் பாமசி பாமசியாக அலைந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். இந்த மருந்தை 48 மணி நேரத்துக்கு மேல் விட்டால் பழைய அளவிலேயே தொடர முடியாது, திரும்பவும் சிறிய அளவிலிருந்து ஏற்ற வேண்டும். கையிருப்பு இல்லாமல் தொடங்கக் கூடாது. அதோடு, தம்பி கடை வாசலில் நின்று சிகரெட் பிடிக்கிறவன். திடீரென்று சிகரெட்டை நிறுத்தினால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். நல்ல காரியம் செய்யப் போய் மயங்கி விழாமல் இருக்க, நிறுத்துவதையும் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும்.

இனிக் காந்தம். மண்டையோட்டுக்கு மேலே ஒரு சுருளை வைத்து, மெல்லிய துடிப்பாகக் காந்தப்புலம் செலுத்துவது. யேலில் ரால்ஃப் ஹோஃப்மன் 1999, 2000 ஆண்டுகளில் வெளியிட்ட ஆரம்ப முடிவுகள் நன்றாகத்தான் இருந்தன. இடது காதுக்கு மேலே, பேச்சை விளங்கிக்கொள்ளும் பகுதியில், விநாடிக்கு ஒரு துடிப்பு. ஊசி இல்லை, மாத்திரை இல்லை, குரல் உண்டாகும் இடத்திலேயே நேராகக் கை வைக்கிறது. படித்தபோது எனக்கே ஆசை வந்தது. ஆனால் ஆய்வுகள் பெரிதாகப் பெரிதாகப் பலன் சுருங்கிக்கொண்டே வந்தது. 2011இல் நெதர்லாந்தில் ஸ்லோட்டமா குழுவின் சோதனையில் உண்மைச் சுருளும், காந்தம் செலுத்தாமல் சும்மா வைத்த போலிச் சுருளும் பெரிதாக வேறுபடவில்லை. 2015இல், வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்க்கும் கொக்ரேன் மீளாய்வும் உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதாது என்றது. போலிச் சுருள் வைத்தவர்களுக்கும் குரல் குறைகிறது என்பதுதான் இதில் சுவாரசியம். எதிர்பார்ப்பே குரலை உண்டாக்கும் என்றால், எதிர்பார்ப்பே கொஞ்சம் இறக்கவும் கூடும்தானே.

பெரியம்மா மகன் அனுப்பியது சென்னையில் ஓர் இடத்தின் வீடியோ. விமானம் ஒன்றரை மணி நேரம்தான், உண்மை. ஆனால் வாரக்கணக்கில் தினமும் போக வேண்டிய சிகிச்சை. அறை வாடகை, கூட ஒருவர், என் லீவு, இதற்கிடையில் தவறும் கடை வேலை. வலிப்பு வரலாறு உள்ளவர்களுக்கு மேலதிக எச்சரிக்கையும் தேவை. கடன் விண்ணப்பமாக இது என் மேசைக்கு வந்திருந்தால், இன்னும் இரண்டு பத்திரம் கேட்டுத் திருப்பி அனுப்பியிருப்பேன். காந்தத்துக்குப் பதில் மெல்லிய நேர்மின்னோட்டம் செலுத்தும் முறையும் ஒன்று உண்டு. 2012இல் பிரான்சில் 30 பேரில் நல்ல பலன் வந்தது, பின்வந்த எல்லா ஆய்வுகளிலும் வரவில்லை. அதையும் அதே கோப்பில் வைத்தேன்.

பேச்சு வழிச் சிகிச்சையை நான் முதலில் மதிக்கவில்லை. மூளையில் இரத்த ஓட்டமே மாறுகிறது, கதைத்து என்ன ஆகப்போகிறது என்ற நினைப்பு. அது பிழை. இந்த வழி குரலை நிறுத்த முயல்வதில்லை. என் கொப்பியில் நான்காவதாக எழுதியது, அதாவது குரலோடு ஆள் என்ன செய்கிறான் என்பதுதான் இதன் இடம். 2014இல் பிரித்தானியாவில் மக்ஸ் பெர்ச்வுட் தலைமையில், உத்தரவு போடும் குரல்கள் உள்ள 197 பேரை வைத்து ஆய்வு நடந்தது. வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 46 சதவீதம் பேர் குரல் சொன்னதற்கு இணங்கினார்கள், இந்தச் சிகிச்சையும் பெற்றவர்களில் 28 சதவீதம். குரலுக்கு எவ்வளவு சக்தி இருக்கிறது, சொன்னதைச் செய்யாவிட்டால் நிஜமாகவே ஏதாவது நடக்கிறதா என்று நோயாளியோடு சேர்ந்து சோதித்துப் பார்ப்பதுதான் வேலை.

இன்னொன்று அவதார் சிகிச்சை. குரலுக்கு ஒரு முகமும் சத்தமும் கணினியில் செய்து, அதோடு நோயாளி எதிர்த்துப் பேசப் பழகுவது. ஜூலியன் லெஃப் தொடங்கியது. 2018இல் 150 பேரில் சோதித்தபோது 12ஆவது வாரத்தில் சாதாரண ஆலோசனையைவிட நன்றாக இருந்தது, 24ஆவது வாரத்தில் இரண்டும் சமமாகிவிட்டன. தம்பியிடம் சொன்னேன். "பெரியப்பாவின்ர முகத்தை கொம்பியூட்டரில வைச்சு நான் எதிர்த்துக் கதைக்கிறதோ? விசரே அக்கா?" என்றான். அவன் சொன்னதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மானிடவியலாளர் தான்யா லூர்மன் 2015இல் கலிபோர்னியா, கானாவின் அக்ரா, சென்னை மூன்று இடங்களிலும் இருபது இருபது பேரிடம் குரல்களைப் பற்றிக் கேட்டார். கலிபோர்னியாவில் குரல் என்பது மூளைக்குள் புகுந்த அந்நியன், பெரும்பாலும் வன்முறை. சென்னையில் பலருக்கு அது சொந்தக்காரர்: ஏசும், புத்தி சொல்லும், வீட்டு வேலை செய்யச் சொல்லும். எங்கள் பெரியப்பாவும் "கதவைப் பூட்டினியோ, சாப்பிட்டியோ" வகைதான். அவரை எதிர்க்க வேண்டிய தேவையே இல்லை. எதிர்க்க வேண்டியது மற்றவனை.

இதில் எங்களுக்குத் தடை மொழி. குரல் தமிழிலும் சிங்களத்திலும் பேசுகிறது, சிகிச்சை ஆங்கிலத்தில் நடந்தால் பாதி கைநழுவும். தமிழில் இதைப் பழகியவரைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து மாதம் போனது. ஓர் இடத்தில் மொழிபெயர்க்க என்னையே உட்கார வைத்தார்கள். அக்காவுக்கு முன்னால் எந்தத் தம்பி அந்தச் சிங்களக்காரன் சொல்வதை அப்படியே சொல்லுவான்?

தலையில் மின்சார ஷொக் வைப்பதைப் பற்றி அம்மா கேட்கவே விரும்பவில்லை, ஆகவே சுருக்கமாக. மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்கிறார்கள், சினிமாவில் காட்டுவது போல இல்லை. 2015இல் பெட்ரைட்ஸ் குழு, குளோசபினும் போதாத 39 பேரில், மருந்தோடு இதையும் சேர்த்தவர்களில் பாதிப் பேர் தேறியதைக் கண்டது. மருந்தை மட்டும் தொடர்ந்தவர்களில் ஒருவரும் தேறவில்லை. சிறிய ஆய்வு, ஆனால் குளோசபினுக்குப் பிறகான படியாக இது என் கொப்பியில் காந்தத்துக்கு மேலே இருக்கிறது.

கதிர்காமம் எதற்கும் போட்டி இல்லை. போய் வந்தோம். மாத்திரைப் பெட்டியும் கூடவே வந்தது.

முடிவைத் தீர்மானித்தது ஆய்வுகளை விட ஒரு சனிக்கிழமைதான். அந்தச் சிங்களக்காரன் தம்பியிடம் ரயில் பாதைப் பக்கம் இறங்கச் சொல்லியிருக்கிறான். தம்பி இறங்கவில்லை, வீட்டுக்கு வந்து சொன்னான். குரல் உத்தரவு போடத் தொடங்கினால் ஒப்பீட்டுக்கு நேரமில்லை, அன்றே காட்ட வேண்டும். இரவாக இருந்தால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுக்கலாம். மனநல ஆஸ்பத்திரி இருக்கும் அங்கொடை என்ற பெயரை ஏச்சாகவே கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த இலக்கத்தை அழுத்தக் கை கூசும். எனக்கும் கூசியது.

2003இல் வெளிவந்த ஆய்வொன்று, தற்கொலை ஆபத்து உள்ள 980 பேரை வைத்துக் குளோசபினை ஒலன்சபின் என்ற இன்னொரு மருந்தோடு ஒப்பிட்டது. தற்கொலை முயற்சிகள் குளோசபின் பக்கம் குறைவு. வேறு எந்தத் தெரிவிடமும் இப்படி ஒரு பத்திரம் இல்லை. ஆகவே குளோசபின். பக்கத்திலேயே, சிங்களக்காரனுக்காக மட்டும், தமிழில் பேசும் சிகிச்சை. மருந்துக்குக் குறைந்தது மூன்று மாதம் கொடுப்பது, அதற்குள் காந்தப் பேச்சு எடுப்பதில்லை என்று பெரியம்மா மகனிடம் சொல்லிவிட்டேன். வீடியோ வருவது குறையவில்லை.

இப்போது 13ஆவது வாரம். செவ்வாய்க்கிழமைகளில் காலை ஐந்தரைக்கே கிளம்பி இரத்தம் கொடுக்க வரிசையில் நிற்கிறோம். வாய் திறந்து வைப்பதை விட்டுவிட்டு முனகச் சொன்னேன், 1990 ஆய்வை நம்பி. பஸ்ஸில் முனகிக்கொண்டே வருகிறான். என்ன பாட்டு என்று கேட்டால் சூன் பாண் மெட்டு என்கிறான். போன வாரம் முன்சீட்டில் இருந்த ஒரு அம்மா எழுந்து ஜன்னலுக்கு வெளியே பாண் வண்டியைத் தேடினார்.